கவிழ்த்து வைத்த கரண்டி

நீங்கள் வாங்கிக் கொடுத்த டீ மோசமில்லை, மேடம். தூள் கொஞ்சம் பழசு. பாலைச் சுண்டச் சுண்டக் காய்ச்சியிருக்கிறார்கள். சர்க்கரையை மட்டும் யாரோ மனசாட்சியோடு போட்டிருக்கிறார்கள். கரண்டியார் உயிரோடு இருந்திருந்தால், "ஸ்டேஷன் டீ: இரண்டு மடக்கு குடித்ததும் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்ளத் தோன்றுகிறது. மூன்று கரண்டி" என்று எழுதியிருப்பார். ஊரே சிரித்திருக்கும். அந்த மூன்று கரண்டியை முடிவு செய்தது நானாக இருந்திருப்பேன்.

அக்கா பக்கத்து அறையில் இருக்கிறாள் என்று தெரியும். வாசலில் அவள் செருப்பைப் பார்த்தேன். இடது செருப்பின் வாரில் ஊக்கு குத்தியிருக்கும். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவள் கேக் செய்தாள். அதற்கு மேல் அவளுக்கும் இதற்கும் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டுச் சமையலறையில் உங்கள் ஆட்கள் எதை எடுத்தார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதற்கும் வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் புரியும். இல்லாவிட்டால் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

கரண்டியாரின் பக்கத்தை நீங்களும் படித்திருப்பீர்கள். காலையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் பாதிப்பேர் போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரிய ஓட்டல் பக்கம் அவர் போக மாட்டார். டீக்கடை, காபிக்கடை, ஆபீஸ் கட்டடங்களுக்குக் கீழே இருக்கும் சின்னச் சின்னக் கடைகள். ஒரு படம், நாலு வரி, ஐந்துக்கு எத்தனை கரண்டி. அவ்வளவுதான். "கோழி சாண்ட்விச்: கோழி இந்தப் பக்கமாக வந்துவிட்டுப் போயிருக்கிறது. தடயங்கள் தெரிகின்றன. ஒரு கரண்டி." "ஐஸ் காபி: ஐஸுக்குக் காபியைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒன்றரை."

சிரிக்கிறீர்கள். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சாண்ட்விச் கடைக்காரரைத் தவிர.

அவர் முகம் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் அவர் படத்துக்குப் பதிலாக ஒரு கரண்டி வரைந்திருக்கும். நேரில் பார்த்தால், வழுக்கையும் மடித்துவிட்ட முழுக்கைச் சட்டையுமாக, வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்திருக்கிறவர் மாதிரி இருப்பார். நான் அவருக்குப் படம் எடுப்பவள். ஸ்டுடியோவில் மூக்குக் கண்ணாடி பளபளக்காமல் ஆட்களை அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த என்னை, சூப்பின் மேல் ஆவி தெரிகிற மாதிரி எடுக்கக் கற்றுக்கொள் என்று கூட்டிக்கொண்டு போனவர் அவர்தான். அந்த நன்றி எனக்கு இப்போதும் இருக்கிறது.

பிறகு ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்தார். எழுந்த வாரமே ஒரு கடையில் பால் திரிந்த காபி வந்தது. எனக்குக் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதுமே தெரிந்துவிட்டது. அவர் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "ம்ம், திக்கா இருக்கு" என்றார். நான் அவரைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்தார். வெளியே வந்து மரத்தடியில் நின்றுகொண்டு சொன்னார்.

"ஒண்ணுமே தெரியலம்மா. மோப்பமும் போச்சு, ருசியும் போச்சு. வாய்க்குள்ள துணியை அடைச்ச மாதிரி இருக்கு. டாக்டரைக் கேட்டா வந்தா வரும்கறார், வராட்டி வராதுங்கறார். இதுக்கு ஃபீஸ் வேற."

"லீவு போடுங்க சார்."

"நாக்குக்கு லீவு விட்டா ஊர் வேற நாக்கைத் தேடிக்கும். உன் நாக்கு எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியும். நீ சொல்லு, நான் எழுதறேன். நமக்குள்ள இருக்கட்டும்."

மேசையில் வாய்விட்டுச் சொல்ல முடியாது இல்லையா, பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள். அதற்காகத்தான் கரண்டி. முதலில் நான் சாப்பிடுவேன். படம் எடுக்க வாகாக வைக்கிற மாதிரி என் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் வைப்பேன். நிமிர்த்தி வைத்தால் நன்றாக இருக்கிறது. கவிழ்த்து வைத்தால் இல்லை. கவிழ்த்துக் காம்பை அவர் பக்கம் திருப்பினால் உப்பு அதிகம், என் பக்கம் திருப்பினால் சப்பென்று இருக்கிறது. தட்டுக்குக் குறுக்கே வைத்தால் பாதாம் இருக்கிறது, தொடாதீர்கள்.

பாதாம் அவருக்கு ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு அடைத்துவிடும். ஒருமுறை அதைப் பற்றித் தானே வேடிக்கையாக எழுதிவிட்டார். அதிலிருந்து எந்தக் கடையிலாவது வழுக்கைத் தலையர் ஒருவர் "இதுல பாதாம் இருக்கா?" என்று கேட்டால் போதும், அவருக்கு ராஜ உபசாரம் நடந்தது. அதனால் அவர் கேட்பதை விட்டுவிட்டார். முன்பெல்லாம் முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவார். மூக்கு போன பிறகு அந்த வேலையும் எனக்கு வந்தது. அவருடைய அவசர ஊசியும் என் கேமரா பையின் வெளிப்பக்க உறையில்தான் இருக்கும்.

ஒரு மனிதர் தன் உயிரைக் கொண்டுவந்து நம் கரண்டி முனையில் வைப்பது சாதாரண விஷயம் இல்லை. அந்தக் காலம் எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க மாட்டேன். அதற்கு முன்பு என் நாக்கு இன்னொருவருக்கு மட்டும்தான் தேவைப்பட்டிருந்தது.

அது அக்கா. அம்மா போனபோது அக்காவுக்கே பாவாடை வயது. அடுப்பு உயரத்துக்கு ஒரு முக்காலி போட்டுக்கொண்டு சமைப்பாள். கொதிக்கிறதிலிருந்து ஒரு சொட்டைத் தன் உள்ளங்கையில் விட்டு, ஊதி, என் முன்னால் நீட்டுவாள். "உப்பு பாருடி." நான் நக்கிப் பார்த்துச் சொல்லுவேன். போதும், போதாது, கொஞ்சம் தண்ணீர் விடு. நான் சொல்லாமல் அவள் பாத்திரத்தை இறக்கியதில்லை. எனக்குச் சமைக்க வராது. எனக்கு ருசி தெரியும், அவளுக்குக் கை உண்டு. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சமையல்காரி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அக்கா பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை போட்டாள். நாலு மேசை, ரொட்டி, ஆம்லெட், காளான் சூப், காபி. திறந்த அன்று நான் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அடுப்பருகே போய் நின்றேன். அவள் கிளறினாள், அடுப்பை அணைத்தாள், இறக்கினாள். "அக்கா, உப்பு?" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, "இப்பல்லாம் கையே பாத்துக்குதுடி. நீ போய் உட்காரு, இங்க நின்னா சூடு" என்றாள். நல்லெண்ணத்தோடுதான் சொன்னாள். எனக்குச் சூடு ஆகாது என்று அவளுக்குத் தெரியும்.

கடை நன்றாக ஓடியது. சூப்புக்காகவே வருகிறவர்கள் இருந்தார்கள். வங்கியிலிருந்து ஒருவர், பள்ளிக்கூட டீச்சர்கள் இரண்டு பேர், பஸ் டிரைவர்கள். ஒருநாள் கரண்டியார் அந்தப் பக்கத்துக் கடைகளைப் பார்க்கலாம் என்றார். போனோம். யார் வருகிறார் என்று அக்காவிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன், தெரியாத மாதிரி இரு என்றும் சொல்லியிருந்தேன். சூப் வந்தது. நான் சாப்பிட்டேன். படம் எடுத்தேன். கரண்டியைக் கவிழ்த்துக் காம்பை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவ்வளவுதான் நான் செய்தது. மற்றதை அவர் செய்தார்.

"காளான் சூப்: செய்தவர் மேல் எனக்குக் கோபமில்லை, அனுதாபம்தான். அழுதுகொண்டேதான் கிளறியிருக்க வேண்டும். பாதிப் பானை கண்ணீர். சூப்போடு கைக்குட்டை தருவார்களா என்று கேட்டுக்கொண்டு உட்காரவும். ஒரு கரண்டி."

உப்பு அதிகம் என்று நான் சொன்னது உண்மை. அதற்கு உப்பு அதிகம் என்று எழுதலாமே. அழுகை எங்கிருந்து வந்தது? கைக்குட்டை எங்கிருந்து வந்தது? அது என் கரண்டியில் இல்லை, மேடம். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவர் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். மறுநாளே காலேஜ் பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள். "ஆன்ட்டி, சூப்புக்குக் கைக்குட்டை ஃப்ரீயா, தனிக் காசா?" அக்கா முதல் தடவை சிரித்தாள். இரண்டாவது தடவையும் சிரித்தாள். சூப்பை முன்னால் வைத்துக்கொண்டு அழுகிற மாதிரி முகம் வைத்துப் படம் எடுத்துப் போனார்கள். ஒருவன் கைக்குட்டையைக் கிண்ணத்துக்கு அடியில் விட்டுவிட்டே போனான். அக்கா அதைத் துவைத்து, மடித்து, தேடி வருவான் என்று கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

வேறு யாராக இருந்தாலும் இரண்டு நாள் திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். என் அக்கா அதை நம்பினாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என்னைக் கேட்டாள்.

"நீயும்தானே சாப்பிட்டே. உள்ளதைச் சொல்லு. உப்பு கூடுதலாவா இருந்துச்சு?"

எழுத்தில் வந்துவிட்ட பிறகு நான் என்ன சொல்ல முடியும்? "கொஞ்சம்" என்றேன்.

"அதான். அவர் என்ன பண்ணுவாரு, நாக்குல பட்டதைத்தானே எழுதுவாரு. எனக்குத்தான் கை போச்சு போல."

அடுத்த நாளிலிருந்து உப்பைக் கையால் அள்ளிப் போடுவதை நிறுத்தினாள். மருந்துக் கரண்டி ஒன்றை வாங்கி அதில் அளந்து, அதிலும் பாதியைத் தட்டிவிட்டுப் போட்டாள். சூப் நிஜமாகவே கெட்டுப்போனது அதற்குப் பிறகுதான். வங்கிக்காரர், "என்னம்மா, ஆஸ்பத்திரியில படுத்திருக்கிற மாதிரி இருக்கு?" என்றார். டீச்சர்கள் வேறு கடைக்குப் போனார்கள். சாயங்காலம் நான் கடைக்குப் போனால் அக்கா உள்ளங்கையில் ஒரு சொட்டை விட்டு, ஊதி, நீட்டுவாள். "உப்பு பாருடி." பல வருடங்களுக்குப் பிறகு நாங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்தது அந்த மாதங்களில்தான்.

கடையை மூடிய பிறகு அக்கா ரயிலடிக்கு எதிரே சுற்றிலும் கண்ணாடி போட்ட காபிக்கடை இருக்கிறதே, அந்தக் கண்ணாடிக் கடையில் சேர்ந்தாள். கேக் வேலை மட்டும். "உப்பு பக்கமே போக வேண்டாம் பாரு" என்றாள். வீட்டில் எதைச் சமைத்தாலும் உப்பில்லாமல் இறக்கி, மேசை நடுவில் உப்புக் கிண்ணத்தை வைத்துவிடுவாள். "நீயே போட்டுக்க. நீ போட்டா சரியா இருக்கும்." அவளுக்கும் நான்தான் போடுவேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவாள்.

அந்தக் குனிந்த தலையைத் தினமும் எதிரே உட்கார்ந்து பார்த்தவள் நான். கரண்டியார் பார்க்கவில்லை. அவர் புத்தகக் கடை ஒன்றில் கூட்டத்துக்கு முன்னே, முகம் தெரியாமல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பேசினார். அந்தச் சூப் வரிகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். படித்தார். "பாதிப் பானை" என்று சொல்லி ஒரு நிறுத்து நிறுத்தினார். கூட்டமே சேர்ந்து "கண்ணீர்" என்றது. நான் பக்கவாட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன். படங்கள் தெளிவாக வந்தன.

சமையல் எனக்குக் கைவராது என்று சொன்னேன் இல்லையா. வெறுப்பு கைவந்தது. அடுப்பைச் சின்னதாக வைத்து, அடிப்பிடிக்காமல், அடிக்கடி மூடியைத் திறந்து பார்க்காமல் வைத்திருக்கத் தெரிந்தது. அவர் கைகுலுக்கும்போது, "என் கண்ணே நீதான்மா, நாக்கும் நீதான்" என்று ஆட்டோவில் இடம் விட்டு உட்காரும்போது, அது உள்ளே மெல்லக் கொதித்துக்கொண்டிருக்கும். நான் "பரவால்ல சார்" என்பேன்.

முதலில் பெரிதாக எதுவும் நினைக்கவில்லை. கரண்டியை அங்கங்கே மாற்றி வைத்தேன். ஊசிப்போன கிரீம் போட்ட பேஸ்ட்ரிக்கு நிமிர்த்தி வைத்தேன். "வாயில் வைத்ததும் மேகம், நாலரை கரண்டி" என்று எழுதினார். அருமையான எலுமிச்சை டீக்குக் கவிழ்த்து வைத்தேன். அவர் ரசித்துச் சாப்பிடுகிற மாதிரி கண்ணை மூடித் தலையாட்டுவதை நான் எதிரே உட்கார்ந்து பார்ப்பேன். ஊசிப்போனதை ஒரு மனிதர் கண்மூடி ரசிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா, மேடம்? ஒரு மாதிரி அமைதியாக இருக்கும்.

படிக்கிறவர்கள் விடவில்லை. "கரண்டியாருக்கு நாக்கு செத்துப்போச்சா?" "காசு வாங்க ஆரம்பிச்சுட்டார் போல, கரண்டியில இல்ல, அண்டாவுல." அவர் போட்ட அதே தினுசு வேடிக்கையை அவர் மேலேயே போட்டார்கள். அவர் தூங்காமல் கண்ணெல்லாம் சிவந்து வருவார். "எங்கம்மா தப்பு நடக்குது?" என்று கேட்பார். "தெரியல சார், கடைக்காரங்க நாம போன பிறகு மாத்திடறாங்களோ என்னவோ" என்பேன். அது எனக்குப் போதும் என்றுதான் இருந்தேன். நிஜமாகவே போதும் என்றுதான் இருந்தேன்.

இப்போது அந்த மத்தியானத்துக்கு வருகிறேன்.

கண்ணாடிக் கடையில் ஜன்னலோர மேசை. வெளிச்சம் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. எலுமிச்சை கேக் சொன்னோம். அந்த மேசையிலிருந்து அக்கா தெரிய மாட்டாள், சமையலறைக் கதவு மட்டும் தெரியும். கேக் வந்தது. நான் முதலில் சாப்பிட்டேன். அக்கா செய்ததிலேயே அன்றைய கேக்தான் நன்றாக இருந்தது என்பேன். எலுமிச்சைத் தோலின் லேசான கசப்பு, பிறகு இனிப்பு, எல்லாவற்றுக்கும் அடியில் பாதாமின் கனமான ஈர ருசி. அவள் மாவில் பாதிக்குப் பாதி பாதாம் தூள் சேர்ப்பாள். வீட்டிலேயே கலந்து டப்பாவில் எடுத்துப் போவாள். பக்குவம் வெளியே போனால் வேலையும் போய்விடும் என்று முதலாளியிடம்கூடச் சொன்னதில்லை. அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். உங்களுக்கு அவள் மேல் சந்தேகம் வந்ததும் அதனால்தான் என்று நினைக்கிறேன்.

என் கரண்டியைத் தட்டின் ஓரத்தில் நிமிர்த்தி வைத்தேன். படம் எடுத்தேன். அந்தப் படம் உங்களிடம் இருக்கிறது. கரண்டியைப் பாருங்கள், குழியில் ஜன்னல் தெரியும்.

அவர் பெரிய துண்டாக எடுத்து வாயில் போட்டார். இன்னொன்றும் எடுத்தார். "உங்க அக்கா கையாச்சே, நல்லாத்தான் இருக்கும்" என்றார். பிறகு கழுத்தைத் தடவினார். காது சிவந்தது. அவர் முதலில் பார்த்தது என் முகத்தை இல்லை, கரண்டியை. பிறகுதான் என்னைப் பார்த்தார். கெட்டிக்காரர், புரிந்துகொண்டுவிட்டார். என் பையைக் காட்டிக் கையை நீட்டினார்.

நான் பையைத் தேடினேன். தேடுகிறவர்கள் எப்படித் தேடுவார்களோ அப்படித்தான் தேடினேன். லென்ஸை எடுத்து வெளியே வைத்தேன், துடைக்கிற துணியை வைத்தேன், குடையை வைத்தேன். நாற்காலி விழுந்த சத்தத்தில் அக்கா ஓடிவந்தாள். கையெல்லாம் மாவு. அவரை அடையாளம் தெரிந்ததும் ஒரு நொடி நின்றாள். பிறகு கீழே உட்கார்ந்து அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாராவது வண்டிக்குப் போன் பண்ணுங்க. ஏண்டி நிக்கறே, ஊசி வெச்சிருப்பேன்னு சொல்லுவியே, எங்க?"

"பையில காணோம்க்கா."

"நல்லா பாருடி. என்ன சாப்பிட்டாரு? என் கேக்கா? சார், இங்க பாருங்க, கண்ணை மூடாதீங்க. வந்துடுவாங்க, இதோ வந்துடுவாங்க."

தன் கடையை மூட வைத்த மனிதருக்கு அவள் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்துத்தான் திறந்தார். சத்தம் வரவில்லை. அதன் பிறகுதான் நான் குடையையும் லென்ஸையும் எடுத்துப் பைக்குள் வைத்தேன்.

ஊசி பையில் இருக்கவில்லை. அன்று காலையிலேயே எடுத்துச் சமையலறை மேல் தட்டில், உப்பு டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். நேற்று உங்கள் ஆட்கள் எடுத்தது அதைத்தான். அக்கா வைத்தாள் என்று நினைத்தீர்கள். அந்தத் தட்டு அவளுடையது, நான் அங்கே போக மாட்டேன், அதனால் நினைத்தீர்கள். நான் வேறு எதையும் நினைத்து அங்கே வைக்கவில்லை. கைக்கு எட்டிய இடம் அது.

ஆக, கொன்றது நான். எதையும் கலக்கவில்லை, யாரையும் தள்ளவில்லை. ஒரு கரண்டியை எப்படி வைக்கக் கூடாதோ அப்படி வைத்தேன். அக்காவை அழ வைத்தவர் வாயில் அக்கா கையால் செய்ததுதான் கடைசியாகப் போக வேண்டும் என்று நினைத்தேன். இதைப் பழி என்று எழுதிக்கொள்வதானால் எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்காகச் செய்தது என்பதையும் கூடவே எழுதுங்கள்.

ஏன் அன்றைக்கு என்கிறீர்கள். ஏன் முன்பே இல்லை, ஏன் பின்பு இல்லை.

நீங்கள் நன்றாகக் கேட்கிறீர்கள். முந்தின நாள் ஆட்டோவில் அவர் ஒரு விஷயம் சொன்னார்.

"எல்லாத்தையும் எழுதிடலாம்னு இருக்கேன்மா. நாக்கு போனதிலிருந்து. ஜனங்க திட்டட்டும், சிரிக்கட்டும், எனக்கு முடியல. ஆனா முதல்ல உங்க அக்காவைப் பாக்கணும். அந்த சூப்பை நான் ருசியே பாக்கலம்மா, உங்க தங்கச்சி கரண்டி வெச்சதைப் பாத்து எழுதினேன்னு சொல்லி மன்னிப்பு கேட்டுடறேன். அது என் மனசை அரிச்சுக்கிட்டே இருக்கு."

"அவ வருத்தப்படுவா சார். முதல்ல அவ கேக்கைச் சாப்பிட்டு நல்லபடியா எழுதுங்க. அப்புறம் பேசிக்கலாம்."

"கேக் சாப்பிட்டுட்டே பேசிடறேன். கையோட முடிஞ்சிடும்."

சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி சந்தோஷமாக இருந்தார். அவருக்கு மனசு லேசாகிவிட்டது. என்னைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. அந்த மாதிரி ஆட்கள் யோசிப்பதில்லை, மேடம். எழுதும்போதும் யோசிக்கவில்லை, மன்னிப்புக் கேட்கும்போதும் யோசிக்கவில்லை.

சூப்புக் கடையில் என்ன நடந்தது என்று மறுபடி கேட்கிறீர்கள். சொன்னேனே. சூப் வந்தது, நான் சாப்பிட்டேன். நான் கரண்டியைக் கையில் வைத்திருந்தபோது அக்கா மேசைக்கு வந்தாள், வழக்கமான வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி. பெருமை தாங்கவில்லை அவளுக்கு. என் தோளில் கை வைத்துக்கொண்டு, "இவ என் தங்கச்சி சார். வெந்நீர் வைக்கச் சொன்னாக்கூட அடிப்பிடிக்க வெச்சிடுவா. சாப்பிடறதுக்கு மட்டும் முதல் ஆளா வந்து உட்கார்ந்துடுவா" என்றாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் உள்ளே போன பிறகு கரண்டியைக் கவிழ்த்து வைத்தேன்.

அவர் அதைப் பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் கேட்டார். "அக்கா கடையாச்சேம்மா. கரண்டி தவறி விழுந்துடலையே? வேணாம்னா விட்டுடலாம், எழுதணும்னு என்ன கட்டாயம்?"

"ருசிக்குச் சொந்தபந்தம் கிடையாதுன்னு எழுதினது நீங்கதானே சார்" என்றேன்.

கேட்டுவிட்டும் எழுதினாரே. அதைத்தான் சொல்கிறேன். சந்தேகம் வந்த மனிதர் எழுதியிருக்கக் கூடாது இல்லையா.

டீ ஆறிவிட்டது. பரவாயில்லை, ஆறினால்தான் தூளின் குணம் தெரியும். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், போடுகிறேன். அக்காவை இருட்டுவதற்குள் அனுப்பிவிடுங்கள். போனதும் எதையாவது அடுப்பில் வைப்பாள், அவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. உப்பில்லாமல் இறக்கிக் கிண்ணத்தை மேசை நடுவில் வைப்பாள். யார் போட்டுக் கொடுப்பார்கள் என்றுதான் தெரியவில்லை.

கொன்றது நான் என்று அவளிடம் சொல்லுங்கள். அவளுக்காகத்தான் என்று சொல்லுங்கள். ஊசி, கரண்டி, எல்லாவற்றையும் சொல்லலாம். ஒரே ஒரு உபகாரம் மட்டும் செய்யுங்கள். அந்தச் சூப்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது. ஒரு கல் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. அதை மட்டும் அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள், மேடம். அவள் தாங்க மாட்டாள்.